பிள்ளைக்குச் சமன்பாடு: "அந்தப் பக்கம் போனால் குறி மாறும்" என்று மட்டும் சொல்லித் தரலாமா?

உங்கள் பிள்ளை இங்கே சிங்கப்பூரில் தொடக்கநிலை 6 அல்லது உயர்நிலை 1-இல் (பன்னிரண்டு, பதின்மூன்று வயதில்) இருக்கும் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். சொல்லித் தரலாம், ஆனால் அதோடு நிறுத்த வேண்டாம். நான் கணக்கு ஆசிரியர் இல்லை, கப்பல் பட்டறையில் வேலை பார்ப்பவன். அந்த விதி தப்பு என்றும் சொல்லவில்லை. காரணம் தெரிந்தவருக்கு அது நல்ல குறுக்குவழி.

என் மகளுக்குத் துணைப்பாட நிலையத்தில் அந்த ஒரு வரியைத்தான் மனப்பாடம் செய்ய வைத்தார்கள். 3எக்ஸ் + 5 = 20 என்றால் 5 அந்தப் பக்கம் போய் −5 ஆகும், 3எக்ஸ் = 15. சரி. அடுத்து 3-ஐயும் அனுப்பிவிட்டு, எக்ஸ் = 15 − 3 = 12 என்று எழுதியிருந்தாள். கேட்டால், "குறி மாறணும்ல அப்பா?" என்கிறாள். அவளைக் குறை சொல்லி என்ன பயன், சொன்னதைத்தானே செய்திருக்கிறாள்! 12-ஐப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். 36 + 5 = 41. முழித்தாள்.

இத்தனைக்கும் இங்குள்ள பிள்ளைகளுக்குக் கட்டம் போடத் தெரியும். 1980-களில் கல்வியமைச்சு கொண்டுவந்த மாடல் முறைதான், கணக்கைப் பட்டையும் கட்டமுமாக வரைந்து போடுவது. 20-க்கு ஒரு நீளப் பட்டை வரைந்தாள். 5-ஐ வெட்டினால் மீதி 15, அதில் சமமாக மூன்று கட்டம், ஒரு கட்டம், அதாவது எக்ஸ், 5. "இது பி.எஸ்.எல்.இ. கணக்குப்பா!" என்றாள். அதேதான், தொடக்கநிலை 6 முடிவில் எழுதும் தேர்வில் வரும் கணக்கு. அப்புறம் 5எக்ஸ் + 2 = 3எக்ஸ் + 14 கொடுத்தேன். இரண்டு பட்டைகளை ஒன்றின்கீழ் ஒன்றாக வரைந்து, இரண்டிலும் மும்மூன்று கட்டத்தை அடித்தாள். 2எக்ஸ் + 2 = 14, எக்ஸ் = 6. இரு பக்கமும் 32 வருகிறதா என்று அவளே போட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"உயர்நிலையில் போய்ப் படம் எதற்கு" என்று யாராவது கீழே கருத்து எழுத வருவார்கள். ஒப்புக்கொள்கிறேன். 7 − 2எக்ஸ் = 13 என்றால் விடை −3, மைனஸ் நீளத்துக்குக் கட்டம் போட முடியாது. அங்கே இரு பக்கமும் 7-ஐக் கழித்து, −2எக்ஸ் = 6 ஆக்கி, இரு பக்கத்தையும் −2-ஆல் வகுக்க வேண்டியதுதான். இரண்டு பட்டையிலும் ஒரே மாதிரி அடித்துப் பழகிய பிள்ளைக்கு இது புதிதாகத் தெரியாது.