ஹெட் ஹெவி, ஹெட் லைட்: உங்கள் ஆட்டத்துக்கு எந்த பேட்மிண்டன் ராக்கெட்?

ராக்கெட்டின் எடை தலைப்பக்கம் கூடுதலாக இருந்தால் ஹெட் ஹெவி, கைப்பக்கம் இருந்தால் ஹெட் லைட். ஒற்றை விரலில் கிடைமட்டமாக நிறுத்துங்கள். எந்த இடத்தில் சாயாமல் நிற்கிறதோ (இதுதான் சமநிலைப் புள்ளி), அங்கிருந்து கைப்பிடியின் அடிவரை டேப் வைத்து அளங்கள். நரம்பும் கிரிப்பும் (கைப்பிடியில் சுற்றும் பட்டை) போட்ட ராக்கெட்டில் தோராயமாக 295 மி.மீ.க்கு மேல் ஹெட் ஹெவி, 285க்குக் கீழே ஹெட் லைட்.

சுத்தியலைப் பிடியில் பிடித்து அடித்தால் ஆணி இறங்கும். தலையைப் பிடித்துக்கொண்டு காம்பால் அடித்தால் வேகமாகச் சுழலும், ஆணி இறங்காது. ராக்கெட்டிலும் காரணம் இதுதான். பின்கோர்ட்டிலிருந்து ஸ்மாஷ் (மேலிருந்து கீழ்நோக்கி ஓங்கி அடிப்பது) அடிப்பவருக்கு ஹெட் ஹெவி. இரட்டையரில் நெட் பக்கம் நின்று, வரும் ஸ்மாஷைத் தடுப்பவருக்கு ஹெட் லைட். இன்னும் முடிவாகவில்லையா? இரண்டுக்கும் நடுவில் உள்ளதை, 4யூ எடையில் (80–84 கிராம்) வாங்குங்கள், தோள் தாங்கும்.

காரைக்குடி வெயிலில் கை வியர்த்து வழுக்கும், அதனால் பழைய கிரிப்பின் மேலேயே இன்னொன்றைச் சுற்றிவிடுகிறார்கள். கைப்பக்கம் எடை ஏறி, சமநிலைப் புள்ளி சில மி.மீ. கீழே இறங்கிவிடும். பழையதைக் கழற்றிவிட்டுச் சுற்றுங்கள்.

நரம்பை இறுக்கினால் அடி பலமாகப் போகும் என்பது தவறு: இறுக்கம் துல்லியத்தைத்தான் தரும், வேகத்தைக் கையே கொடுக்க வேண்டும், அதனால் புதியவர்களுக்கு 20–23 பவுண்டு இறுக்கம் போதும்.