திமிங்கிலம் கட்டாயம் தெரியும் என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள்

கேள்வி: அண்டார்டிகா கப்பல் பயணத்தில் திமிங்கிலத்தை நிச்சயம் பார்க்கலாமா? அதற்காக இவ்வளவு செலவு செய்வது சரியா?

நீங்கள் அநேகமாக கிறிஸ்துமஸ் லீவை மனதில் வைத்துத்தான் கேட்கிறீர்கள். நானும் முதலில் அப்படித்தான் கணக்குப் போட்டேன். திமிங்கிலம்தான் முக்கியம் என்றால் லீவைத் தள்ளிப் போடுங்கள். கப்பல்கள் நவம்பரிலிருந்து மார்ச் வரை ஓடுகின்றன, ஆனால் ஹம்ப்பேக் திமிங்கிலங்கள் கூட்டம் கூட்டமாக அண்டார்டிகா தீபகற்பத்தின் குடாக்களில் மேய்வது பிப்ரவரி, மார்ச்சில்தான். அதற்குள் பென்குயின் இருக்கும் இடமெல்லாம் பனி உருகி எச்சமும் சேறுமாக நாறும், படத்தில் பார்த்த வெள்ளை வெளேர் காட்சி கிடைக்காது. இரண்டும் வேண்டும் என்றால் கஷ்டம்.

நானும் மனைவியும் 2019 பிப்ரவரி கடைசியில் போனோம். பணத்திமிர் என்று எழுத வருகிறவர்களுக்கு: வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது வந்த பணம், கடன் கிடையாது, பிள்ளைகளிடம் கேட்கவில்லை. கப்பல் விடும் புகையைப் பற்றிக் கேட்டால் என்னிடம் பதில் இல்லை, அதை ஒப்புக்கொள்கிறேன்.

அர்ஜென்டினாவின் உஷுவாயாவில் கப்பல் ஏறினால் டிரேக் நீரிணையைக் கடக்கவே இரண்டு நாள். எனக்கு வாந்தி பயம், மாத்திரைக்கு மேல் மாத்திரை. அந்தக் கடலைத் தாண்டி, கெர்லாஷ் நீரிணையில் தண்ணீர் தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரி அசையாமல் கிடந்த பிறகும் எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொன்று போட்டேன். தூக்கம் கெடக் கூடாது என்று, திமிங்கிலம் தெரிந்தால் அறிவிக்கும் கேபின் ஸ்பீக்கரின் சத்தத்தையும் குறைத்து வைத்தேன். விடியற்காலையில் ஓர்க்கா என்ற கொலைகாரத் திமிங்கிலக் கூட்டம் ஒன்று கப்பலை ஒட்டியே நீந்தியிருக்கிறது, குட்டியோடு. "ஏங்க, எந்திரிங்க" என்று இவள் மூன்று முறை உலுக்கினாளாம், நான் "ஸ்டேஷன் வந்துருச்சா" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்தேனாம். அந்தப் பயணத்தில் மறுபடி ஓர்க்கா வரவில்லை. நிச்சயம் பார்க்கலாமா என்று கேட்கிறீர்களே, பத்தடி தள்ளித் திமிங்கிலம் இருந்தும் பார்க்காத ஆள்தான் உங்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் மறுநாள் வில்ஹெல்மினா குடா. திமிங்கிலம் அதிகம் என்பதால் அதை வேடிக்கையாக 'வேல்மினா' என்கிறார்கள். பத்துப் பத்துப் பேராக ஜோடியாக் என்ற ரப்பர் படகில் இறக்கினார்கள். நாம் துரத்தக் கூடாது, அதுவாகக் கிட்டே வந்தால் ஓட்டுநர் படகை அப்படியே மிதக்க விடுவார். முதலில் காதுக்குத்தான் தெரிந்தது. பிரஷர் குக்கர் வெயிட்டைத் தூக்கினால் வருமே, அப்படி ஒரு பெருமூச்சு, அப்புறம் நாற்றம். அழுகிய மீனும் வெந்த முட்டைக்கோசும் சேர்ந்த நாற்றம், யாரும் இதை முன்கூட்டிச் சொல்லவில்லை. பிறகு தண்ணீரில் வட்டமாகக் குமிழிகள் கிளம்பின. கீழே சுற்றிச் சுற்றி மூச்சை விட்டுக் குமிழியாலேயே வலை கட்டுகின்றன, கிரில் என்ற கூனிப்பொடி போன்ற உயிர்கள் நடுவில் மாட்டிக்கொள்கின்றன, வாயைத் திறந்தபடி மூன்று திமிங்கிலங்கள் ஒன்றாக மேலே வந்தன. ஒவ்வொன்றும் ஒரு டவுன் பஸ்ஸை விட நீளம். படகில் இருந்த ஒரு ஜெர்மன்காரர் அழுதுவிட்டார். நான் கேமராவில் ஃபோகஸ் தேடிக்கொண்டிருந்தேன்.

அந்த கேமராக் கதையையும் சொல்லிவிடுகிறேன். பெரிய லென்ஸ் ஒன்றைக் கோயம்புத்தூரில் வாடகைக்கு எடுத்துப் போனேன், முன்பணம் இருபதாயிரம். திருப்பிக் கொடுத்தபோது உள்ளே பூஞ்சை என்று சொல்லிப் பன்னிரண்டாயிரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அண்டார்டிகாவில் ஏதுங்க பூஞ்சை? கொடுக்கும்போதே இருந்ததா என்று பார்க்காதது என் தப்பு, சரி, ஆனால் எடுக்கும்போது தராத ரசீதைத் திருப்பும்போது கேட்டால் எங்கே போவது? நீங்கள் எது வாடகைக்கு எடுத்தாலும் கடையிலேயே டார்ச் அடித்துப் பார்த்து வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த லென்ஸில் ஆயிரத்து எண்ணூறு படம் எடுத்தேன். முக்கால்வாசி கறுப்பு டயர் தண்ணீரில் மிதப்பது போல ஒரு முதுகு. இவள் கையுறையைக் கழற்றி, போனில், ஒன்று முங்கும்போது தூக்கிய வாலின் அடிப்பக்கத்தை ஒரே ஒரு படம் எடுத்தாள். நம் கைரேகை போல அந்த அடிப்பக்கக் கறுப்பு வெள்ளைத் திட்டு ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு. கப்பலில் இருந்த வழிகாட்டிப் பெண் சொன்னபடி அதை 'ஹேப்பிவேல்' என்ற தளத்தில் ஏற்றினோம். இரண்டு மாதம் கழித்து மெயில் வந்தது: அதே திமிங்கிலத்தை முன்பே கொலம்பியாவின் பசிபிக் கரையில் யாரோ படம் எடுத்திருக்கிறார்கள். குட்டி போட அந்த வெந்நீர்க் கடலுக்கு, தின்ன இந்தக் குளிர் கடலுக்கு. சம்பந்தி வீட்டுக்குப் போய் வருகிற மாதிரி எண்ணாயிரம் கிலோமீட்டர்.

திரும்பும் வழியில் டிசெப்ஷன் தீவிலும் இறக்கினார்கள். 1931 வரை திமிங்கில எண்ணெய் காய்ச்சிய இடம், வீடு உயரத் துருப்பிடித்த கொப்பரைகள் இன்னும் நிற்கின்றன. பூமியின் தெற்குப் பாதியில் மட்டும் இருபதாம் நூற்றாண்டில் இரண்டு லட்சத்துக்கும் மேல் ஹம்ப்பேக்குகளைக் கொன்றிருக்கிறார்கள். வணிக வேட்டைக்கான தடை 1986இல்தான் நடப்புக்கு வந்தது. அதைக் கேட்ட பிறகு, முந்தைய நாள் எங்கள் படகுக்கு அடியில் ஒன்று நிதானமாகப் புகுந்து போனதை நினைத்தால் எனக்கு என்னவோ போல இருந்தது.

செலவுக்கு வருகிறேன். வெறும் திமிங்கிலம் மட்டும் போதும் என்றால் இலங்கையில் மிரிஸ்ஸாவுக்குப் போங்கள். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை காலைப் படகில் நீலத் திமிங்கிலத்தையே பார்க்க வாய்ப்பு உண்டு, செலவு இதில் ஒரு சிறு பங்குதான் ஆகும். அங்கும் யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள், தந்தால் நம்பாதீர்கள். பனிக்கட்டியும் வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டால் மட்டும் தெற்கே போங்கள், ஸ்பீக்கரைக் குறைக்காதீர்கள். அடுத்த மெயில் வந்ததா என்று இவள் இன்னும் மாதம் ஒரு முறை பார்க்கிறாள். இதுவரை வரவில்லை.