கூட்டுப் பட்டா நிலத்துக்கு முன்பணம் தரலாமா?

கேள்வி: ஒரு ஏக்கர் புஞ்சை விலை பேசியிருக்கிறோம். பட்டாவில் பரப்பு '0 - 40.50' என்றும், மேலே மூன்று பேர் பெயரும் இருக்கின்றன. விற்பவர் அவர்களில் ஒருவர். "வில்லங்கம் எதுவும் இல்லை" என்கிறார். முன்பணம் தரலாமா?

பதில்: இப்போது தர வேண்டாம். 0 - 40.50 என்பது ஹெக்டேர், ஏர் கணக்கு. ஒரு ஏர் 100 சதுர மீட்டர், ஏறத்தாழ 2.47 சென்ட். ஆக மொத்தம் 100 சென்ட், அளவு சரிதான். ஆனால் அந்த 100 சென்ட்டும் மூவருக்கும் பொது. விற்பவரின் பங்கு எவ்வளவு, எந்தப் பக்கம் என்பதைக் கூட்டுப் பட்டா சொல்லாது. பதிவு செய்த பாகப்பிரிவினைப் பத்திரத்தைக் கேளுங்கள். அது இல்லையென்றால் மூவருமே கிரயப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். அவர் பங்கை மட்டும் வாங்குவதானால், முதலில் பாகம் பிரித்துப் பதிந்து, நிலத்தின் சர்வே எண்ணை உட்பிரிவு செய்து, தனிப் பட்டா வாங்கச் சொல்லுங்கள். அப்போதுதான் புலப்படத்தில் (நிலத்தின் அளவு வரைபடத்தில்) உங்கள் எல்லைக்கோடு விழும்.

வில்லங்கச் சான்று பதிவான ஆவணங்களை மட்டுமே காட்டும். வாய்மொழிப் பாகமோ, இறந்துபோன உரிமையாளரின் மகள்களுக்குள்ள பங்கோ அதில் வராது. பலர் ஏமாறுவது இங்கேதான். தாய்ப்பத்திரத்தோடு (நிலத்தின் முந்தைய மூலப் பத்திரம்) வாரிசுச் சான்றிதழையும் வைத்து, ஒவ்வொரு பெயராகச் சரிபாருங்கள்.