ஒகேனக்கல்லில் பகலில் எடுத்த படம் வெளுத்துப்போகிறது, இரவுத் தெருக்கூத்தில் இருண்டு மங்குகிறது. ஐஎஸ்ஓ எவ்வளவு வைக்க வேண்டும்?

ஐஎஸ்ஓ எண்ணை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறன் அளவை, கடைசியாக முடிவு செய்யுங்கள். அசைவை நிறுத்த எவ்வளவு ஷட்டர் வேகம் வேண்டும், எவ்வளவு தூரம் வரை தெளிவாகத் தெரிய வேண்டும் (இது லென்ஸ் திறப்பின் அளவான எஃப் எண்ணைப் பொறுத்தது) என்று முதலில் பாருங்கள். இரண்டும் முடிவான பிறகு குறைகிற வெளிச்சத்தை ஈடுகட்டத்தான் ஐஎஸ்ஓ. 100, 200, 400 என்று இரட்டிக்கும்போதெல்லாம் படம் ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு, வெளிச்சமாகும்.

பகல் படம் வெளுத்ததற்கு ஐஎஸ்ஓவை விட, ஒளியை அளக்கும் கேமராவின் மீட்டரே காரணமாக இருக்கும். கேமராவுக்கு அருவியும் தெரியாது, பாறையும் தெரியாது. எதைக் காட்டினாலும் சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிற வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். கரும்பாறை சட்டகத்தை நிறைத்தால் "இருட்டு" என்று எண்ணி வெளிச்சத்தைக் கூட்டிவிடும். நடுவில் விழுகிற வெண்ணீர் விவரமே இல்லாமல் வெளுத்துவிடும். அங்கே எக்ஸ்போஷர் ஈடுகட்டலை (மீட்டர் சொல்வதைவிட வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ உதவும் அமைப்பு) −1 வையுங்கள். அதே இடத்தில் நுரையை மட்டும் நெருக்கமாக எடுத்தால் நேர்மாறு: நுரை அழுக்குச் சாம்பலாக வரும், +2/3 அல்லது +1 தேவைப்படும். முற்றிலும் வெளுத்துப்போன இடத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. இருட்டிலிருந்து வெளிச்சம் வரையான பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் வலது ஓரத்தில் முட்டி நிற்கிறதா என்று ஒவ்வோர் இடத்திலும் பாருங்கள்.

உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப் 5.6, 1/800 நொடி என்ற அளவில் தொடங்கலாம். துளிகள் உறைந்து நிற்கும். பரிசலில் ஏறிப் பாறைச் சுவர்களின் நிழலுக்குள் போனதும் வெளிச்சம் ஏறத்தாழ மூன்று ஸ்டாப் குறையும். பரிசல் ஆடிக்கொண்டும் சுழன்றுகொண்டும் இருப்பதால் ஷட்டரைக் குறைக்க வழியில்லை. தயங்காமல் 800க்குப் போங்கள். தண்ணீரைப் பட்டுப்போல வழியவிடும் படங்களுக்கு முக்காலி, அதிகாலை அல்லது ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர் வேண்டும். அதைக் கரையில்தான் செய்ய முடியும். சாரல் லென்ஸில் படிந்தாலும் படம் வெளிறும், ஆகவே துடைக்கும் துணி கையிலேயே இருக்கட்டும்.

தருமபுரிப் பக்கத்துக் கோயில் திருவிழாக்களின் கூத்து வேறு உலகம். இங்கே பலரும் ஐஎஸ்ஓவைக் கூட்டப் பயந்து 400இலேயே நின்று, இருண்ட படத்தைப் பிறகு கணினியில் தூக்குகிறார்கள். மணல் தூவியதுபோல் தெரியும் குருணைக்கு முதன்மைக் காரணம் சென்சாருக்குப் போன ஒளி குறைவு என்பதே. இருட்டாக எடுத்து வெளிச்சமாக்கினால், குறிப்பாக ஜேபெக் கோப்பில், குருணை இன்னும் மோசமாகும். 3200, தேவைப்பட்டால் 6400 வையுங்கள். குருணை உள்ள கூர்மையான முகம், குருணை இல்லாத மங்கிய முகத்தைவிட ஆயிரம் மடங்கு மேல்.

இன்னொரு தொல்லை விளக்குகள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப்லைட்டும் மலிவான எல்இடியும் நொடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டரை 1/500 வைத்தால் படத்தில் கறுப்புப் பட்டைகள் விழலாம். 1/100 வைத்து, கலைஞர் சுழன்றுவிட்டு ஒரு நொடி நிற்கும் தருணத்துக்குக் காத்திருங்கள். அடவு தெரிந்தவருக்கு அது முன்கூட்டியே தெரியும். ஆடுகிறவர் முகத்தில் ஃபிளாஷ் அடிக்காதீர்கள். அவர் கண் கூசும், வேடத்தின் நிழல்களும் அழிந்துபோகும்.

மீட்டரை ஸ்பாட்டுக்கு (சிறு புள்ளியை மட்டும் அளக்கும் முறைக்கு) மாற்றி முகத்தில் அளவெடுங்கள். கிரீடத்தின் கண்ணாடிச் சில்லுகள் வெளுத்தால் வெளுக்கட்டும். ஆனால் சிவப்பு அரிதாரம் மற்ற நிறங்களுக்கு முன்பே எல்லை தாண்டிக் கன்னமெல்லாம் தட்டையாகிவிடும். கேமராவில் மூன்று நிற ஹிஸ்டோகிராம் இருந்தால் சிவப்பை மட்டும் தனியாகப் பார்த்து, முட்டினால் அரை ஸ்டாப் குறைத்துக்கொள்ளுங்கள்.