கோழி அளவு டைனோசர்

அன்புள்ள அண்ணாவுக்கு,

காங்கயத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறேன். அடுத்து டைனோசர் சொல்லலாம் என்றிருக்கிறேன். பெரிய பசங்கள் வீடியோவில் பார்த்த ராட்சதங்களைத்தான் கேட்கிறார்கள். வாண்டுகள் அதைப் பார்த்தாலே அலறுகின்றன. எதில் தொடங்கலாமுங்க?

இப்படிக்கு,
ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

காம்ப்சோக்னாத்தஸில் தொடங்குங்கள். பெயருக்கு நாம்தான் பயப்படுவோம், பிள்ளைகள் ரெண்டு தடவையில் பிடித்துக்கொள்வார்கள். 15 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மாமிச டைனோசர். 1850களில் ஜெர்மனியின் பவேரியாவில், சுண்ணாம்புக்கல்லில் கிடைத்த எலும்புக்கூட்டின் நீளம் சுமார் 89 செ.மீ. அதிலும் பெரும்பங்கு வால். வால் போனால் ஒரு நாட்டுக்கோழிதான். சாக்பீஸைக் கொடுத்துத் தரையில் வரையச் சொல்லுங்கள், வாண்டுகளின் பயம் பாதி போய்விடும்.

ஆனால் விஷயமே அதன் வயிற்றில்தான் இருக்கிறது. விலா எலும்புகளுக்குள் இன்னொரு குட்டி எலும்புக்கூடு கிடந்தது. அமெரிக்க அறிஞர் மார்ஷ் 1881இல் அதைக் கருவிலிருந்த குட்டி என்று நினைத்தார். 1903இல் ஹங்கேரி அறிஞர் நோப்சா அது விழுங்கப்பட்ட பல்லி என்று காட்டினார். இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு, "உள்ளே இருக்கிறது குட்டியா, தீனியா? எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்று அவர்களிடமே விட்டுவிடுங்கள். அவசரப்பட்டு விடை சொல்ல வேண்டாம். அந்தப் பல்லி, கால் நீண்ட, வால் நீண்ட ஓட்டக்காரன். வேலியோரம் ஒடக்கானைத் துரத்தி ஏமாந்த பசங்களுக்கு, அதைப் பிடித்தவன் என்ன வேகம் ஓடியிருப்பான் என்று நாம் விளக்க வேண்டியதில்லை. 2007இல் கணினி மாதிரியை வைத்து மணிக்கு 64 கி.மீ. என்று கணக்கிட்டார்கள். நானாக இருந்தால் அதைச் சொல்லமாட்டேன். அப்புறம் எண் மட்டும்தான் மனதில் நிற்கும், பல்லி மறந்துவிடும்.

பறவைகள் இந்த மாமிச டைனோசர் கூட்டத்திலிருந்து வந்தவை. யார் வீட்டுக் கோழியையாவது பிடித்து வந்து காலைக் காட்டுங்கள்: முன்னால் மூன்று விரல், செதில், வளைந்த நகம். வண்ணம் தீட்டக் கேட்டால், இதன் சீன உறவுக்காரனான சைனோசாரோப்டெரிக்ஸ் உதவும். உடம்பில் பஞ்சு போன்ற இறகு, வாலில் செம்பழுப்பும் வெள்ளையுமாக வளையங்கள். நிறத்தை 2010இல் புதைபடிவத்திலிருந்தே கண்டுபிடித்தார்கள்.

"நம்ம கிணத்துலயும் கிடைக்குமா?" என்று ஒருவன் கட்டாயம் கேட்பான். கிடைக்காது என்று சொல்லிவிடுங்கள். காங்கயம் பக்கத்துப் பாறையெல்லாம் பூமிக்கடியில் வெந்து இறுகியது, டைனோசர்களைவிட ரொம்பப் பழசு. அரியலூர் மாவட்டம் வேறு கதை. அங்கே கடல் உயிரிகளின் புதைபடிவங்கள் ஏராளம், டைனோசர் எலும்பும் கிடைத்திருக்கிறது. வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. என்றைக்கு விடுமுறை என்று விசாரித்துக்கொண்டு வேன் பேசுங்கள்.

அன்புடன்,
அண்ணன்