பம்ப் திருத்தத் தெரியும். கடன் எடுத்துக் கடை போடலாமா?

கேள்வி: எங்கள் ஊர் வெல்லாவெளிப் பக்கம். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு ஒரு கராஜில் ஏழு மாதம் உதவிக்கு நின்றேன். வோட்டர் பம்ப் கழற்றிப் பூட்டுவேன். ஆனால் என்ன பிழை என்று சொல்வது எப்போதும் முதலாளிதான். வீட்டில், கடன் எடுத்துக் கடை போடு என்கிறார்கள். இந்தத் தொழிலை நம்பலாமா?
— படுவான்கரை வாசகர்

பதில்: தம்பி, தொழிலை நம்பலாம். கடையை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். விவசாயி காசு தருவது பிழையைச் சரியாகச் சொல்பவருக்குத்தான். நீங்கள் இனிப் படிக்க வேண்டியது அதுதான். அதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது.

பழைய இரும்பு வாங்கும் இடத்தில் பழுதாய்க் கிடக்கும் 2 அங்குல பம்ப் ஒன்றை எடுங்கள். 163 சிசி, நாலு அடி (ஃபோர் ஸ்ட்ரோக்) எஞ்சினாக இருக்கட்டும். ஜப்பான் மொடலில் படித்தால், அதைப் பார்த்துச் செய்த சீன மொடல்களும் பிடிபடும். வீட்டு முற்றத்தில் வைத்து, அது தண்ணீர் இறைக்கும் வரை அதோடு மல்லுக்கட்டுங்கள்.

எஞ்சின் ஸ்டார்ட் வரவில்லை என்றால் ஸ்பனரை எடுக்க முன் எண்ணெய் பாருங்கள். இந்த எஞ்சினுக்கு ஏறக்குறைய 0.6 லீற்றர். மட்டம் குறைந்தால் பல மொடல்களில் உள்ளே இருக்கும் சென்சர் பிளக்குக்குப் போகும் நெருப்பை வெட்டிவிடும். எண்ணெய் சரியாக இருந்தும், வரம்பில் சாய்வாக வைத்ததால் ஸ்டார்ட் வராமல் போவதும் உண்டு. மட்டமான இடத்துக்குத் தூக்கி வைத்தாலே வேலை முடிந்துவிடும். இது தெரியாமல் காபரேட்டரைக் கழற்றுகிறவர்கள் நிறையப் பேர்.

அடுத்து கயிற்றை மெதுவாக இழுங்கள். ஓரிடத்தில் கை தடுக்க வேண்டும். தடுக்காமல் லேசாக வந்தால் வால்வு அல்லது ரிங் பிழை. வால்வு இடைவெளியை எஞ்சின் ஆறிய பிறகு, பிஸ்டன் மேலே வந்து இரண்டு வால்வும் மூடியிருக்கும் நிலையில் அளக்க வேண்டும்: உள்ளே எடுப்பது 0.15 மில்லிமீற்றர், புகை விடுவது 0.20. சூட்டோடு அளந்தால் கணக்குப் பிழைக்கும். புகை வால்வு இறுகியிருந்தால் சரியாக மூடாமல் எரிந்துபோகும்.

பிறகு பிளக். கழற்றி, தொப்பியில் கொழுவி, உடலை எஞ்சின் இரும்பில் தொடவைத்துக் கயிற்றை இழுங்கள். பிளக் துவாரத்துக்கும் பெற்றோலுக்கும் தள்ளிப் பிடியுங்கள். அந்த ஆவி பற்றினால் முகம் போய்விடும். பிளக் இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீற்றர். நெருப்பு வராவிட்டால் முதலில் புதுப் பிளக், பிறகு எண்ணெய்ச் சென்சர் வயரைக் கழற்றிப் பார்ப்பது, கடைசியில்தான் கொயில். கொயிலுக்கும் எஞ்சின் சில்லுக்கும் (ஃபிளைவீல்) இடையில் 0.4 மில்லிமீற்றர் அளவு இருந்தால் போதும்.

நெருப்பு இருந்தால் காபரேட்டருக்கு வாருங்கள். உங்கள் வருமானத்தில் பெரிய பங்கு இதில்தான் வரும். போகம் முடிந்து பெற்றோலோடு மூலையில் வைத்த பம்ப், அடுத்த போகத்தில் ஸ்டார்ட் வராது. அல்லது சோக் இழுத்திருந்தால் மட்டும் ஓடும். பெற்றோல் காய்ந்து பிசினாகி, பெற்றோல் போகும் சிறு துவாரமான ஜெட்டை அடைத்திருக்கும். கீழ்க் கிண்ணத்தைக் கழற்றி, ஜெட்டைக் கிளீனர் அடித்துக் காற்றால் ஊதுங்கள். இரும்புக் கம்பி விட்டுக் குத்த வேண்டாம். துவாரம் பெருத்தால் கறுப்புப் புகையும் கூடுதல் பெற்றோல் செலவும் நிரந்தரமாகிவிடும். திருப்பிக் கொடுக்கும்போது, போகம் முடிந்ததும் பெற்றோல் குழாயைப் பூட்டி, எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓட விடச் சொல்லுங்கள். ஒரு வாடிக்கையை இழப்பதாக நினைக்க வேண்டாம். இதைச் சொன்னவரிடம்தான் அவர் மறுபடியும் வருவார்.

மண்ணெண்ணெய் பற்றியும் கேட்பார்கள். அதற்கென்று செய்த எஞ்சின் பெற்றோலில் ஸ்டார்ட் ஆகி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாறும். நிறுத்த முன் மறுபடி பெற்றோல். பெற்றோலுக்கு மட்டும் செய்ததில் மண்ணெண்ணெய் ஊற்றினால், எரியாத மிச்சம் கீழே இறங்கி எஞ்சின் எண்ணெயோடு கலக்கும். எண்ணெய் மட்டம் ஏறி, மண்ணெண்ணெய் மணந்தால் காரணம் அதுதான்.

எஞ்சின் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை என்பது தனிப் பிரச்சினை. பல நேரம் பம்பில் பிழையே இருக்காது, உறிஞ்சும் குழாயில் காற்று இழுக்கும். கிளிப் இருக்கும் இடங்களில் ஈரக் களிமண்ணை அப்பிப் பாருங்கள். தண்ணீர் பிடித்தால் அங்கேதான் ஓட்டை. அடுத்து, உறிஞ்சும் குழாயின் அடி நுனியில் இருக்கும் கால் வால்வு (ஃபுட் வால்வு). அதில் சிறு குச்சி சிக்கினாலும் ஊற்றிய தண்ணீர் இறங்கிவிடும்.

ஆவணி, புரட்டாதியில் கிணற்று மட்டம் இறங்கியதும் வரும் முறைப்பாடு வேறு. எந்த பம்பும் நடைமுறையில் 7, 8 மீற்றருக்குக் கீழிருந்து உறிஞ்சாது. தேய்ந்தது அதற்கும் முன்பே கைவிடும். தள்ளுவது இலகு, உறிஞ்சுவதுதான் கஷ்டம். அதனால் ஓடைக் கரையிலோ துரவின் ஓரத்திலோ பம்பைத் தண்ணீருக்குக் கிட்ட வைக்கலாம். ஆனால் பெற்றோல் எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட விடவே கூடாது. புகையில் இருக்கும் காபனோரொட்சைட்டு மணமில்லாமல் ஆளைக் கொல்லும். யார் கேட்டாலும், எவ்வளவு தந்தாலும் இதைச் செய்து கொடுக்காதீர்கள்.

பம்புக்கும் எஞ்சினுக்கும் இடையில் தண்ணீர் சொட்டினால், அதைத் தடுக்கும் சீல் போய்விட்டது. தண்ணீர் ஊற்றாமல் வெறுமனே ஓட விட்டால் சீலின் முகம் சூட்டில் வெடிக்கும். மணல் தண்ணீர் மெதுவாக அரைக்கும். கவனிக்காமல் விட்டால் தண்ணீர் எஞ்சினுக்குள் போய் எண்ணெய் பால்தேத்தண்ணி நிறமாகும், அப்போது செலவு பல மடங்கு. புதுச் சீலின் முகத்தை விரலால் தொடக்கூடாது. இறப்பர் பக்கத்தில் சவர்க்காரத் தண்ணீர் தடவி, நேராக, மரத்துண்டு வைத்து அமத்துங்கள். சுத்தியலால் அடித்தால் அன்றைக்கே கசியும். சீல் அளவு மொடலுக்கு மொடல் மாறும். கல்முனைக்கோ மட்டக்களப்பு ரவுணுக்கோ வாங்கப் போகும்போது பழையதைக் கையில் கொண்டுபோங்கள்.

இனிக் காசு. கடைக்குப் பதிலாக மோட்டார் சைக்கிளில் ஒரு பெட்டி போதும்: 8 முதல் 19 வரை ஸ்பனர், பிளக் சொக்கட், ஃபீலர் கேஜ், சில்லு கழற்றும் புல்லர். அதோடு பிளக், இழுக்கும் கயிறு, 2, 3 அங்குலச் சீல், காபரேட்டர் பக்கிங், ஒரு லீற்றர் எண்ணெய். கச்சானும் மிளகாயும் காயும் நேரத்தில் ஆள் வட்டைக்கே, வயலுக்கே வருகிறது என்றால், பெரிய நிலக்காரரான போடியாரும் உங்களைத்தான் கூப்பிடுவார். சிறுபோகத்துக்கு முன், பங்குனியிலேயே வீடுவீடாகப் போய் சேவிஸ் செய்து கொடுங்கள். எண்ணெய் மாற்றுவது 100 மணித்தியாலத்துக்கு ஒருமுறை. பலர் வாங்கிய நாளிலிருந்து மாற்றியே இருக்க மாட்டார்கள்.

கூலியைச் சாமானின் விலைக்குள் ஒளிக்க வேண்டாம். ஊரில் ஒரு மேசன் வாங்கும் நாட்கூலியை எட்டால் வகுத்து, போகவரச் செலவையும் சேர்த்தால் உங்கள் மணித்தியாலக் கூலி வரும். பிழையைப் பார்த்துச் சொல்லும் கூலி தனி. வேலையைத் தந்தால் அதைக் கழித்துவிடுங்கள். பழைய சாமானைத் திருப்பிக் கொடுங்கள். திருத்தும் செலவு புது பம்பின் பாதி விலையைத் தாண்டும் என்றால் கழற்ற முன்னமே சொல்லிவிடுங்கள்.

'வெட்டு முடியத் தாறன் தம்பி' என்பார்கள். அது ஏமாற்று இல்லை, அறுவடை முடிந்தால்தான் வேளாண்மைக்காரர் கையில் காசு புழங்கும். ஆனாலும் சாமானுக்குரிய காசைக் கையோடு வாங்குங்கள். கூலியை மட்டும் கொப்பியில் எழுதி, அவரிடமும் கையெழுத்து எடுத்து, வெட்டுவரை பொறுக்கலாம். சாமானையும் கடனாகக் கொடுத்தால் இரண்டாவது மாதமே சீல் வாங்கக் காசிராது.

இதோடு தேசிய தொழில் தகைமைச் சான்றிதழுக்கும் வழி இருக்கிறது. வேலை தெரிந்தவர்களைச் செய்துகாட்ட வைத்து மதிப்பிட்டுச் சான்றிதழ் கொடுக்கும் முறை உண்டு. தொழிற் பயிற்சி அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். செய்த வேலைகளைப் படம் எடுத்து, திகதியோடு எழுதி வைத்திருந்தால் அங்கே காட்ட உதவும்.

ஒரு சிறுபோகம் முழுவதும் இப்படிச் செய்துவிட்டு, அந்தக் கொப்பியைக் கூட்டிப் பாருங்கள். மாதாமாதம் மிஞ்சும் காசு, கடன் தவணையின் இரண்டு மடங்காவது இருந்தால் கடை பற்றி வீட்டில் பேசலாம்.