கணினி கேள்வி-பதில்: விண்டோஸ் போனால் சாஃப்ட்வேரும் போய்விடுமா?

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்த பிறகு, கடிதங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே கவலையோடு வருகின்றன. விண்டோஸ் 11 ஏறாத நல்ல கணினி கையில் இருக்கிறது, விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச ஆபரேட்டிங் சிஸ்டமான லினக்ஸுக்கு மாற மனமும் இருக்கிறது, ஆனால் இத்தனை வருடம் சோறு போட்ட அந்த ஒரு சாஃப்ட்வேரை என்ன செய்வது? இந்த இதழை முழுவதும் அதற்கே ஒதுக்குகிறேன்.

லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் போட்டுக்கொடுத்தான் என் பேரன். வேகமாக இருக்கிறது. ஆனால் நான் ஜாதகம் கணிக்கும் சாஃப்ட்வேர் பழைய விண்டோஸ் சி.டி.யில் உள்ளது. இதில் ஓடுமா சார்?
– வாசகர், தோட்டப்பாளையம், வேலூர்

ஓட வாய்ப்பு அதிகம் ஐயா. உங்களுக்குத் தேவையானது 'வைன்' என்ற இலவச மென்பொருள். மின்ட்டின் சாஃப்ட்வேர் மேனேஜரிலேயே கிடைக்கும். உங்கள் சாஃப்ட்வேர் பழையது என்பதால் 32-பிட் புரோகிராமாகத்தான் இருக்கும். அதற்குரிய பகுதியையும் சேர்த்து நிறுவச் சொல்லுங்கள்.

வைன் என்ன செய்கிறது என்று தெரிந்தால் பயம் போய்விடும். காந்தி ரோட்டுக் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த நோயாளியின் உறவினர் வங்காளத்தில் கேட்பார், கடைக்காரர் புரிந்துகொண்டு உள்ளே இருக்கும் பையனிடம் தமிழில் சொல்லிப் பொருளை எடுத்துக் கொடுப்பார். கேட்டவருக்குக் கடையின் மொழி தெரிய வேண்டியதில்லை. வைனும் அப்படித்தான். 'ஒரு ஜன்னல் திற', 'இந்த ஃபைலைப் படி' என்று சாஃப்ட்வேர் விண்டோஸைக் கேட்கும்போது, அதை லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றிச் சொல்லிக் காரியத்தை முடித்துவிடும். விண்டோஸ் எங்குமே இருக்காது. அதனால் லைசென்ஸ் வாங்க வேண்டியதில்லை, கணினியும் மெதுவாகாது. 1993-ல் தொடங்கிய இந்தத் திட்டம் 1.0 என்ற எண்ணை எட்டியது 2008-ல்தான். பதினைந்து ஆண்டுகள் பொறுமையாகச் செதுக்கியிருக்கிறார்கள்.

நிறுவிய பிறகு சாஃப்ட்வேர் எங்கே போனது என்று தேடுவீர்கள். ஹோம் ஃபோல்டரைத் திறந்து கண்ட்ரோலோடு ஹெச் அழுத்தினால், புள்ளியில் தொடங்கும் வைன் ஃபோல்டர் தெரியும். உங்கள் சி டிரைவ் அதற்குள்தான். நீங்கள் சேமித்த ஜாதகங்களும் அங்கேயே இருக்கலாம். ஆகவே பேக்கப் எடுக்கும்போது அதை விட்டுவிடாதீர்கள்.

உங்கள் தொழிலுக்கு முக்கியமான ஒன்று சொல்கிறேன். தேதி எழுதும் முறையை வைன் லினக்ஸின் அமைப்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அது அமெரிக்க முறையில் இருந்தால் 5/8 என்பது ஆகஸ்ட் ஐந்தாக இல்லாமல் மே எட்டாகிவிடலாம். சாஃப்ட்வேர் திறந்ததே என்று திருப்திப்பட்டுவிடாதீர்கள். மின்ட்டில் பிராந்திய அமைப்பை இந்தியா என்று மாற்றிவிட்டு, ஏற்கெனவே கணித்துத் தாளில் வைத்திருக்கும் சில ஜாதகங்களை மறுபடி போட்டு, லக்னமும் தசை இருப்பும் ஒத்துவருகிறதா என்று பாருங்கள். ஒரு குடும்பம் அதை நம்பிக் கல்யாணம் பேசப்போகிறது. அப்புறம்தான் பழைய கணினியை விட வேண்டும்.

ஆரணியில் பட்டுச் சேலைக்கு ஜக்கார்டு டிசைன் போடுகிறேன். சாஃப்ட்வேர் விண்டோஸ் எக்ஸ்.பி.யில் ஓடுகிறது, பூட்டுச் சாவி மாதிரியான யு.எஸ்.பி. டாங்கிள் செருகினால்தான் திறக்கும். விற்ற கம்பெனி இப்போது இல்லை. சிஸ்டம் அடிக்கடி நின்றுபோகிறது. வைனில் போட்டுப் பார்த்தேன், 'டாங்கிள் இல்லை' என்றே வருகிறது. என்ன வழி அண்ணா?
– வாசகர், ஆரணி

தம்பி, முதல் வேலையாக அந்த ஹார்டு டிஸ்கை அப்படியே ஒரு நகல் எடுத்துவிடுங்கள். இன்றைக்கே. மீதியை அப்புறம் படிக்கலாம். பார்டர், புட்டா, முந்தி என்று எத்தனை வருட டிசைன்கள் அதில் இருக்கும்! தறியின் ஜக்கார்டு அட்டை தேய்ந்தால் மறுபடி குத்திக்கொள்ளலாம், டிசைன் ஃபைல் போனால் யாரிடம் போய்க் கேட்பது? குளோன்சில்லா என்ற இலவசக் கருவியைப் பென்டிரைவில் போட்டு கணினியைத் துவக்கினால், டிஸ்க் முழுவதையும் வெளி டிஸ்கில் படமாகச் சேமித்துத் தரும். நின்று நின்று ஓடும் டிஸ்க் என்றைக்கு முழுதாக நிற்கும் என்று சொல்ல முடியாது.

வைனில் ஏன் வரவில்லை? டாங்கிளைப் படிக்க ஒரு டிரைவர் வேண்டும். அந்த டிரைவர் விண்டோஸின் அடிவயிற்றில், கெர்னல் என்ற மையப் பகுதியோடு ஒட்டி வேலை செய்வது. வைன் சாஃப்ட்வேரின் கேள்விகளுக்குத்தான் பதில் சொல்லும், வன்பொருளை நேராகத் தொடும் இப்படிப்பட்ட டிரைவரை அதால் நடத்த முடியாது. ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கத்துத் தோல் கம்பெனிக் கணக்காளர்கள் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வைனுக்குள் தெரியவில்லை என்று எழுதுவதற்கும் இதே காரணம்தான். அவர்கள் வைனோடு போராட வேண்டாம். பல டோக்கன்களுக்கு லினக்ஸுக்கென்றே டிரைவர் உண்டு, விற்றவரிடம் கேட்டு வாங்கலாம்.

உங்களுக்கு அந்த வழி இல்லை. முழு விண்டோஸே வேண்டும், ஆனால் அது லினக்ஸுக்குள் ஒரு ஜன்னலில் ஓடலாம். இதை மெய்நிகர் கணினி என்கிறோம். விர்ச்சுவல்பாக்ஸ் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் ஒரு புதிய கணினியை உருவாக்கி, நகலை அதன் டிஸ்கில் இறக்குங்கள். டிஸ்கை இணைக்கும் முறையை, அதாவது டிஸ்க் கன்ட்ரோலரை, பழைய வகையான ஐ.டி.இ. என்று வைக்க வேண்டும். புதிய வகையான சாட்டா என்று விட்டால் பழைய எக்ஸ்.பி. பெரும்பாலும் பிழை காட்டும் நீலத்திரையில் நின்றுவிடும். உள்ளே இருக்கும் வன்பொருள் மாறிவிட்டதாக அது நினைப்பதால் உரிமச் சரிபார்ப்பான ஆக்டிவேஷனை மறுபடி கேட்கலாம். உங்கள் எக்ஸ்.பி. சாவி எண்ணைத் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

டாங்கிளை உள்ளே அனுப்ப, லினக்ஸில் உங்கள் பயனர் பெயரை 'விபாக்ஸ்யூசர்ஸ்' (vboxusers) என்ற குழுவில் சேர்க்க வேண்டும். பலர் தடுமாறும் இடம் இது. சேர்த்தபின் ஒருமுறை வெளியேறி மறுபடி நுழையுங்கள். விர்ச்சுவல்பாக்ஸின் யு.எஸ்.பி. பட்டியலில் டாங்கிள் தெரியும், டிக் செய்தால் போதும், எக்ஸ்.பி.க்குள் நேராகச் செருகியது போல் வேலை செய்யும். டாங்கிள் பழைய பிரின்டர் போர்ட்டில் மாட்டுகிற வகையாக இருந்திருந்தால் இவ்வளவு நம்பிக்கையோடு சொல்லியிருக்க மாட்டேன்.

எக்ஸ்.பி.க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரலிலேயே நின்றுவிட்டன. ஆகவே அந்த மெய்நிகர் கணினிக்கு இணைய இணைப்பே கொடுக்காதீர்கள். டிசைனை வெளியே எடுக்கப் பகிர்வு ஃபோல்டர் ஒன்று போதும்.

இன்னொரு வேலையும் இருக்கிறது, இதைக் கெஞ்சியே கேட்கிறேன். சாஃப்ட்வேரில் பி.எம்.பி. படமாகச் சேமிக்கும் வசதி இருந்தால், ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் டிசைன்களை ஒவ்வொன்றாக அப்படி எடுத்து வையுங்கள். ஒரு கட்டத்துக்கு ஒரு புள்ளி என்ற அளவு மாறக்கூடாது, ஒரு கொக்கி தள்ளினாலும் பார்டர் கெட்டுவிடும். பி.எம்.பி.யை எந்த ஆபரேட்டிங் சிஸ்டமும் திறக்கும். டாங்கிள் ஒருநாள் உடைந்தாலும் உங்கள் கைவேலை உங்களிடமே இருக்கும்.

குடியாத்தத்தில் சின்ன அச்சகம். பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கர் சாஃப்ட்வேரில் செய்த கல்யாணப் பத்திரிகைகள் நிறைய உள்ளன. லினக்ஸில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகப் புரியாமல் வருகிறது. ஃபைல் கெட்டுவிட்டதா?
– வாசகி, குடியாத்தம்

கெடவில்லை அம்மா. பழைய தமிழ் எழுத்துருக்கள், எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு முந்தியவை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்தி வைத்திருப்பார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அடியில் இருக்கும் ஆங்கிலக் குறிகள்தான் தெரியும். பழைய கணினியின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை முழுவதுமாக எடுத்து, லினக்ஸில் உங்கள் எழுத்துரு ஃபோல்டரில் போடுங்கள். வைனும் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும். படம் வரையும் இலவச மென்பொருளான லிப்ரெஆபீஸ் டிராவும் பேஜ்மேக்கர் ஃபைலைத் திறக்கும், ஆனால் பூ வேலை, பார்டர் எல்லாம் அசையக்கூடும். பத்திரிகையை அப்படியே அச்சிட வேண்டுமென்றால் அதை நம்பாதீர்கள். வாசகத்தை எடுக்க மட்டும் பயன்படுத்துங்கள். அடிக்கடி தேவைப்படும் வாசகங்களை யூனிகோடுக்கு மாற்றி வைத்துக்கொள்வது நல்லது. மாற்றியபின் பெயர்களை ஒருமுறை கண்ணால் படித்துவிடுங்கள், கொம்பும் காலும் இடம் மாறும்.

பாலிடெக்னிக் முதலாமாண்டு. லேபில் டர்போ சி++ சொல்லித் தருகிறார்கள். என் லேப்டாப்பில் உபுண்டு லினக்ஸ். வீட்டில் எப்படிப் பயிற்சி எடுப்பது?
– மாணவி, காட்பாடி

டர்போ சி++ விண்டோஸுக்கு முந்திய டாஸ் காலத்தது. 64-பிட் விண்டோஸிலும் அது நேராக ஓடாது, எனவே விண்டோஸ் இல்லையே என்று வருந்தாதே அம்மா. டாஸ் புரோகிராம்களை ஓட்டும் டாஸ்பாக்ஸை நிறுவி, டர்போ ஃபோல்டரை அதில் சி டிரைவாக மவுண்ட் செய்தால் லேபில் பார்த்த அதே நீலத்திரை வரும். கிராஃபிக்ஸ் பயிற்சிகளுக்கு அது வேண்டியிருக்கும். மற்ற நேரத்தில் உபுண்டுவில் ஜி.சி.சி. என்ற கம்பைலரில் எழுதிப் பழகு, வேலைக்குப் போகுமிடத்தில் அதுதான் உதவும். இரண்டிலும் சில வித்தியாசங்கள் உண்டு. டர்போவில் இன்ட் (முழு எண்) என்பது 2 பைட், ஜி.சி.சி.யில் 4. தேர்வில் விடை எழுதும்போது எந்தக் கம்பைலரைக் கேட்கிறார்கள் என்று பார்த்து எழுது. டாஸ்பாக்ஸ் ஜன்னலுக்குள் மவுஸ் மாட்டிக்கொண்டால் கண்ட்ரோலோடு எஃப்10 அழுத்தினால் வெளியே வந்துவிடும்.